பழைய தோட்டா எவ்ளோ தூரம் போகும்? வாசகர் கேள்வி-பதில்

போன இதழ்ல மியூசியம் துப்பாக்கிகள் பத்தி எழுதினப்போ, முதல் உலகப்போர் காலத்து லீ-என்ஃபீல்டு ரைஃபிள்ல 2,800 கெஜம் வரைக்கும் குறி பார்க்க சைட் இருந்துச்சுன்னு ஒரு வரி போட்டிருந்தேன். அந்த ஒத்த வரிக்கு மட்டும் அவ்ளோ லெட்டர், மெயில். பாதிப்பேர் நம்பல, மீதிப்பேர் "அப்ப இன்னும் பழைய தோட்டாவெல்லாம் எப்படி?"ன்னு கேட்டிருக்காங்க. அதனால இந்த தடவை பத்தி முழுக்க தோட்டா தான்.

2,800 கெஜம்னா ரெண்டரை கிலோமீட்டர் சார். அந்த தூரத்துல ஆள் நிக்குறதே தெரியாது. சும்மா அடிச்சு விடுறீங்களா? (மதுரை வாசகர்)

அடிச்சு விடல சார். மேல இருக்குற வழக்கமான சைட் 2,000 கெஜம் வரைக்கும் போகும், அதுக்கு மேல 2,800 வரைக்கும் போக ரைஃபிளோட இடது பக்கம் கட்டையில தனியா ஒரு டயல் இருக்கும், வாலி சைட்னு பேரு. அதை வெச்சு ஒரு சிப்பாய் ஒரு ஆளை அடிக்கணும்னு யாருமே எதிர்பார்க்கல. ஒரு கம்பெனி, நூறு பேருக்கு மேல, ஆபீசர் தூரம் சொல்லுவார், எல்லாரும் டயலை அதுக்குத் திருப்பிட்டு ஒரே நேரத்துல சுடுவாங்க. தூரத்துல ரோட்டுல வரிசையா வர்ற படை, குதிரை, பீரங்கி வண்டி, இப்படி பெருசா ஏதாவது இருந்தா அந்த இடத்து மேல குண்டு மழையா விழும், யாருக்குப் படுதோ பட்டது தான். 1916-ல வேகமா தயாரிக்க வேண்டி வந்தப்போ முதல்ல தூக்கி எறிஞ்ச ஐட்டங்கள்ல அந்த டயலும் ஒண்ணு, மெஷின் கன் வந்தப்புறம் அதோட தேவை போயிடுச்சு.

இதுல இருந்தே ஒண்ணு சொல்லிடுறேன், கீழ வர்ற பாதி கேள்விக்கு இது தான் பதில். "ரேஞ்ச்"னு ஒத்த வார்த்தையில சொல்றோமே, அதுக்குள்ள மூணு தூரம் இருக்கு. குண்டு போய் விழுற தூரம் ஒண்ணு, விழும்போதும் ஆளைக் கொல்ற அளவு வேகம் மிச்சம் இருக்குற தூரம் ஒண்ணு, ஒரு மனுஷன் குறி வெச்சு நம்பிக்கையா அடிக்கிற தூரம் ஒண்ணு. பழைய தோட்டாவுக்கு முதல் ரெண்டும் நீங்க நினைக்கிறதை விட ரொம்ப அதிகம், மூணாவது நீங்க நினைக்கிறதை விட ரொம்ப கம்மி. யூடியூப்ல இந்த மூணையும் போட்டுக் கலக்கி தான் சண்டை போடுறாங்க.

150 வருஷத்துக்கு முந்தின தோட்டாவுக்கும் ஏகே-47 தோட்டாவுக்கும் பவர்ல எவ்ளோ வித்தியாசம் இருக்கும்? (திருச்சி, இன்ஜினியரிங் மாணவர்)

இருக்கு தம்பி, ஆனா நீங்க எதிர்பார்க்கிற பக்கம் இல்ல. பிரிட்டிஷ் ராணுவம் 1871-ல எடுத்துக்கிட்ட மார்ட்டினி-ஹென்றியோட ஈயக் குண்டு 31 கிராம், அதைத் தள்ள ஐந்தரை கிராம் கருமருந்து, குழல் வாயில வேகம் செகண்டுக்கு சுமார் 410 மீட்டர். ½mv² போட்டுப் பாருங்க, 2,600 ஜூல் வரும். அமெரிக்கா 1873-ல கொண்டு வந்த .45-70-க்கு 26 கிராம் குண்டு, கிட்டத்தட்ட அதே வேகம், 2,200 ஜூல். ஏகே-47-க்கு குண்டு 8 கிராமுக்கு கொஞ்சம் கம்மி, வேகம் 715 மீட்டர், சுமார் 2,000 ஜூல் தான். அதாவது தாத்தா காலத்து தோட்டா, குழலை விட்டு வெளிய வர்ற நொடியில, ஏகேவை விட பவர் ஜாஸ்தி!

அந்த பவர் எங்க இருந்து வந்துச்சுங்கறது தான் சங்கதி. ஏகேவுக்கு வேகத்துல இருந்து, மார்ட்டினிக்கு எடையில இருந்து. எடையில இருந்து வந்தா அதுக்கு விலை கொடுக்கணும், முதல் விலை சுடுறவனோட தோள்பட்டை. அந்த துப்பாக்கி உதைக்கிற உதை பேர் போனது. 1879 ஜனவரி 22-ம் தேதி சாயங்காலத்துல இருந்து விடிய விடிய தென்னாப்பிரிக்காவுல ரோர்க்ஸ் ட்ரிஃப்ட்ங்கற இடத்துல சுமார் 150 பேர் ஜூலு படையை எதிர்த்து சுட்டுக்கிட்டே இருந்தாங்களே, விடிஞ்சப்போ அவங்க தோளெல்லாம் கன்னிப் போய் கறுத்துக் கிடந்துச்சாம்.

அவ்ளோ பவர் இருந்தா அப்புறம் ஏன் 300, 400 கெஜத்துக்கு மேல பிரயோஜனமில்லன்னு சொல்றாங்க? குழப்புறீங்களே. (அதே மாணவர்)

குழப்பல, இது தான் மெயின் மேட்டர், கொஞ்சம் நிதானமா படிங்க.

கிரிக்கெட்ல பவுண்டரியில நிக்குற ஃபீல்டர் கீப்பருக்கு எறியறதைப் பாருங்க. கை பலம் இருக்குறவன் எறிஞ்சா பந்து தட்டையா நேரா வந்து கிளவுஸ்ல விழும். பலம் இல்லாதவன் அதே இடத்துக்கு எறியணும்னா வானத்தைப் பார்த்து தூக்கி எறியணும். பந்து வந்து சேர்ந்துடும், ஆனா ரெண்டடி முன்ன பின்ன கணக்கு தப்பினா கீப்பர் தலைக்கு மேல போயிடும். பழைய தோட்டா இந்த ரெண்டாவது ஆள் தான்.

410 மீட்டர் வேகத்துல கிளம்புற மார்ட்டினி குண்டு 300 கெஜம் போறதுக்குள்ள ஒலியோட வேகத்துக்கு கீழ இறங்கிடும். 500 கெஜத்துல இருக்குற இலக்கை அடிக்கணும்னா வழியில அது சுமார் 8 அடி உயரம் எழும்பி இறங்கணும், அதாவது நடுவழியில ஆள் நின்னா அவன் தலைக்கு மேல போயிடும். அதே 500 கெஜத்துக்கு 1910-ல வந்த .303 மார்க் 7 குண்டு, அதாவது அந்த லீ-என்ஃபீல்டுல போடுற குண்டு, ரெண்டரை அடி தான் எழும்பும். 1,000 கெஜம்னா மார்ட்டினி குண்டு 40 அடிக்கு மேல, நாலு மாடிக் கட்டடம் உயரத்துக்கு ஏறி, அங்கிருந்து சரிஞ்சு வரும்.

சரிஞ்சு வர்றதுனால என்னாகும்? அஞ்சரை அடி ஆள் ஒருத்தன் நிக்குறான்னு வெச்சுக்குவோம். கணக்குப் போட்டுப் பார்த்தா, 1,000 கெஜத்துல அந்த குண்டு ஆள் உயரத்துக்குள்ள இருக்குற தூரம் மொத்தமே சுமார் 25 கெஜம் தான். நீங்க தூரத்தை 1,000னு நினைச்சு சைட் வெச்சு, அவன் உண்மையில 960-ல நின்னா குண்டு தலைக்கு மேல போயிடும், 1,040-ல நின்னா காலுக்கு முன்னாடி மண்ணுல. லேசர் கருவி எல்லாம் கிடையாது, கண்ணால பார்த்து "ஆயிரம் இருக்கும்"னு சொல்லணும், அதுவும் புகை மூட்டத்துல, எதிரி ஓடி வரும்போது. முடியுமா? அதனால தான் குண்டுக்கு பலம் இருந்தும் மனுஷனால அந்த பலத்தை உபயோகிக்க முடியல. 1880-கள்ல இருந்து நடந்த மாற்றத்துல குழல் வாயில பவர் ஒண்ணும் அசுரத்தனமா கூடல, மார்ட்டினிக்கு 2,600, .303 மார்க் 7-க்கு 3,100 ஜூல், அவ்ளோ தான் வித்தியாசம். மாறினது குண்டு போற பாதையோட வளைவு. ஆனா அந்த ஒண்ணு போர்க்களத்தையே மாத்திடுச்சு.

அமெரிக்காவுல ஒரு எருமை வேட்டைக்காரன் ஒன்றரை கிலோமீட்டர்ல செவ்விந்தியரை சுட்டதா நெட்ல படிச்சேன், கதையா நிஜமா? (நாகர்கோவில் வாசகர்)

பில்லி டிக்ஸன் பத்தி கேட்கிறீங்க. 1874 ஜூன் கடைசி, டெக்சாஸ்ல அடோப் வால்ஸ்ங்கற சின்ன வியாபார முகாம், கொமான்ச்சி மற்றும் கூட்டாளிப் பழங்குடிகள் பெரிய கூட்டமா வந்து தாக்கினாங்க. எருமைக் கூட்டத்தை வேட்டைக்காரங்க தோலுக்காக அழிச்சுக்கிட்டு இருந்த கோபம் அது, நியாயமான கோபம்னு தான் நான் சொல்வேன். மூணாவது நாள் தூரத்து மேட்டு விளிம்புல சில குதிரை வீரர்கள் தெரிஞ்சாங்க, டிக்ஸன் கடன் வாங்கின ஷார்ப்ஸ் ரைஃபிளால, "பிக் ஃபிஃப்டி"ன்னு கூப்பிடுற .50-90 தோட்டா, சுட்டார், ஒருத்தர் குதிரையில இருந்து விழுந்தார். பிற்பாடு அளந்தப்போ 1,538 கெஜம்னு சொன்னாங்க, சுமார் 1,400 மீட்டர்.

நடக்கக்கூடியது தான். அந்த குண்டு அங்க போய்ச் சேர அஞ்சு செகண்டுக்கு மேல ஆகியிருக்கும், ஒலிக்கு நாலு செகண்டு போதும், அதனால வெடிச்சத்தம் முதல்ல கேட்டிருக்கும், குண்டு அப்புறம் வந்திருக்கும். ஆனா இதை திறமைன்னு கொண்டாடுறவங்க ஒண்ணை மறந்துடுறாங்க: அது குருட்டு அதிர்ஷ்டம்னு டிக்ஸனே கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டு தான் இருந்தார்.

அவ்ளோ தூரத்துல குண்டு பட்டாலும் வலிக்குமா, இல்ல கல்லு பட்ட மாதிரி இருக்குமா? (சேலம் வாசகர்)

நல்ல கேள்வி. இதே சந்தேகம் அமெரிக்க ராணுவத்துக்கே வந்துச்சு. 1879-ல நியூஜெர்சி கடற்கரையில சாண்டி ஹூக்ங்கற இடத்துல கடலோர மணல்ல இலக்குப் பலகை நட்டு .45-70 ரைஃபிள், மார்ட்டினி-ஹென்றி எல்லாத்தையும் வெச்சு சுட்டுப் பார்த்தாங்க. குண்டு எத்தனை செகண்டுல போகுதுன்னு அளக்க, அப்பத்தான் வந்திருந்த டெலிபோனை உபயோகிச்சாங்க, இந்தப் பக்கம் சுடுற சத்தம், அந்தப் பக்கம் விழுற சத்தம். தாக்குற ஆங்கிள் ரொம்ப செங்குத்தா இருந்ததால பலகையில படுறதே பெரும்பாடு, நூத்துக்கணக்குல சுட்டு சிலது தான் பட்டுச்சு. ஆனா பட்டது என்ன செஞ்சுச்சு தெரியுமா? 2,500 கெஜத்துல 500 கிரெய்ன், அதாவது 32 கிராம் குண்டு, மரப்பலகைகளைத் துளைச்சுக்கிட்டுப் போய் பின்னாடி மணல்லயும் புதைஞ்சுச்சு. நீள ரேஞ்ச் தோட்டா 3,500 கெஜம் வரைக்கும், மூணு கிலோமீட்டருக்கு மேல, போயிருக்கு. கல்லு பட்ட மாதிரி எல்லாம் இருக்காது சார், ஆள் காலி.

கனமான குண்டுக்கு அது தான் குணம், மெதுவா கிளம்பும், ஆனா கிளம்பின வேகத்தை சீக்கிரம் விட்டுடாது. இந்த சோதனைக்கு அப்புறம் தான் அமெரிக்க ராணுவம் 405 கிரெய்ன் குண்டை விட்டுட்டு ரைஃபிளுக்கு 500 கிரெய்னுக்கு மாறிச்சு.

இதையெல்லாம் அவங்க விளையாட்டுக்கு செய்யல. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, 1877-ல, பல்கேரியாவுல பிளெவ்னா ஊர்ல உஸ்மான் பாஷாவோட துருக்கிப் படை ரஷ்யர்களை மாசக்கணக்குல தடுத்து நிறுத்தியிருந்துச்சு. துருக்கிக்காரங்க கையில ரெண்டு துப்பாக்கி இருந்துச்சு, ரெண்டுமே அமெரிக்காவுல செஞ்சது. தூரத்துக்கு பீபாடி-மார்ட்டினி, மார்ட்டினி-ஹென்றியோட ஒன்றுவிட்ட சகோதரன். கிட்ட வந்தா வின்செஸ்டர், அதோட .44 தோட்டா 760 ஜூல் தான், மூணுல ஒரு பங்கு கூட இல்ல, ஆனா கடகடன்னு பத்துப் பன்னிரண்டு தடவை சுடலாம். அகழிக்குள்ள பக்கத்துலயே தோட்டா பெட்டியை வெச்சுக்கிட்டு, ரஷ்யப் படை ரெண்டாயிரம் கெஜத்துல வரும்போதே, குறி கிறி எல்லாம் பார்க்காம குழலைத் தூக்கிப் பிடிச்சு சுட ஆரம்பிச்சுடுவாங்க. ரஷ்யர்கள் திருப்பி சுடவே முடியாத தூரத்துல ஆள் விழ ஆரம்பிச்சுது. மதுரைக்காரர் கேட்ட 2,800 கெஜ டயல் இருக்கே, ஐரோப்பிய தளபதிங்க மூளையில அந்த யோசனை நல்லா வேரூன்றினது பிளெவ்னாவுக்கு அப்புறம் தான்.

1857-ல கொழுப்பு தடவின தோட்டான்னு ஸ்கூல்ல படிச்சோம். தோட்டாவுக்கு எதுக்கு கொழுப்பு? (விருதுநகர், பள்ளி ஆசிரியை)

டீச்சர், அப்ப தோட்டான்னா பித்தளை உறை இல்ல, காகிதப் பொட்டலம். உள்ள மருந்தும் குண்டும் இருக்கும். வாயால நுனியைக் கடிச்சுக் கிழிச்சு, மருந்தை குழல் வாய் வழியா கொட்டி, குண்டு இருக்குற முனையை காகிதத்தோட உள்ள விட்டு கம்பியால இடிக்கணும். கருமருந்து எரிஞ்சா அதுல பாதிக்கு மேல புகையும் கரியுமா திடப்பொருளா தான் மிஞ்சும், நாலு ரவுண்டு சுட்டா குழலுக்குள்ள கரி அப்பிக்கும், அப்புறம் குண்டு உள்ள இறங்காது. குண்டு சுழல்றதுக்காக உள்சுவர்ல மரை வெட்டின குழல்னா இன்னும் மோசம். அதுக்குத்தான் வழவழப்புக்குக் கொழுப்பு. பசுக் கொழுப்பா பன்றிக் கொழுப்பாங்கற சந்தேகம் எங்க போய் முடிஞ்சுதுன்னு உங்க பாடத்துலயே இருக்கு.

பாடத்துல இல்லாதது, அந்தத் தோட்டாவைப் போட்ட என்ஃபீல்டு ரைஃபிள் (மேல சொன்ன லீ-என்ஃபீல்டு இல்ல, அதுக்கு ரொம்ப முந்தினது) எவ்ளோ பெரிய தாவல்ங்கறது. அதுக்கு முன்னாடி சிப்பாய் கையில இருந்த மஸ்கெட்டால நூறு கெஜத்துக்கு அப்பால ஒரு ஆளை அடிச்சா அது தெய்வச் செயல். என்ஃபீல்டுக்கு சைட்டே 900 கெஜம் வரைக்கும். குண்டோட அடிப்பாகம் குழியா இருக்கும், மருந்து வெடிச்ச அழுத்தத்துல அது விரிஞ்சு மரையைக் கவ்விக்கும், மினியேங்கற பிரெஞ்சு அதிகாரி 1849-ல கொண்டு வந்த ஐடியா.

எங்க ஊர் அரவங்காடு ஃபேக்டரியில என்ன செஞ்சாங்கன்னு பேரப்பசங்க கேக்குறாங்க, தோட்டாவுக்கும் அதுக்கும் சம்பந்தம் உண்டா? (குன்னூர் வாசகி)

நேரடி சம்பந்தம்மா. பேரே கார்டைட் ஃபேக்டரி. 1903-04 வாக்குல ஆரம்பிச்சது. கார்டைட் தான் .303-க்கு உயிர்.

கதை இப்படி. கருமருந்துல வெடியுப்பு 75 பங்கு, கரி 15, கந்தகம் 10, நூத்தாண்டுக் கணக்கா இதே தான். இதுல எவ்ளோ அள்ளிப் போட்டாலும் குண்டோட வேகத்தை ஒரு அளவுக்கு மேல ஏத்த முடியாது. 1884-ல பால் வியேய்ங்கற பிரெஞ்சு கெமிஸ்ட் புகையில்லா மருந்து கண்டுபிடிச்சார், ரெண்டு வருஷத்துல பிரான்ஸ் 8 மில்லிமீட்டர் லெபெல் ரைஃபிளைக் கொண்டு வந்துடுச்சு, ஐரோப்பாவுல இருந்த அத்தனை ரைஃபிளும் ஒரே ராத்திரியில பழசாப் போச்சு. பிரிட்டன் 1888-ல .303 கொண்டு வந்தப்போ கையில புகையில்லா மருந்து ரெடியா இல்ல, அதனால முதல்ல அதுக்குள்ள கருமருந்தையே அமுக்கி கெட்டியா வெச்சாங்க. 1889-ல ஏபெல், டூவர்னு ரெண்டு விஞ்ஞானிங்க கார்டைட் செஞ்சாங்க, நைட்ரோகிளிசரின் 58, கன்காட்டன்ங்கற வெடிப்பஞ்சு 37, மிச்சம் 5 பங்கு வாசலின், ஆமாம் அதே வாசலின் தான். பழைய .303 தோட்டாவைப் பிரிச்சா உள்ள பொடி இருக்காது, மெல்லிசா நீள நீளமா பழுப்பு இழைகள் கட்டா நிக்கும், அந்தக் கட்டை உறைக்குள்ள வெச்சப்புறம் தான் உறையோட கழுத்தையே இடுக்குவாங்க. அப்புறம் 1905-ல ஜெர்மனி குண்டோட மூக்கைக் கூராக்கிச்சு, பிரிட்டனும் 1910-ல மார்க் 7-னு 11 கிராம் கூர்மூக்கு குண்டுக்கு மாறிச்சு, செகண்டுக்கு 744 மீட்டர். மேல சொன்ன ரெண்டரை அடி வளைவு இதோட வளைவு தான்.

.577/450, .45-70-405, .303... இந்த நம்பருக்கெல்லாம் என்ன அர்த்தம்? (வேலூர் வாசகர்)

ஆளாளுக்கு ஒரு முறை. அமெரிக்க .45-70-405-ல குழல் விட்டம் அங்குலத்துல .45, கருமருந்து 70 கிரெய்ன், குண்டு 405 கிரெய்ன். பிரிட்டிஷ் .577/450-ல .577 உறையோட கழுத்தை .450 குண்டுக்கு இடுக்கியிருக்குன்னு அர்த்தம், மருந்து பத்தி அதுல தகவலே இல்ல. .303-ல குண்டோட நிஜ விட்டம் .311, மரையோட மேட்டுக்கு மேடு அளந்தா தான் .303. கிரெய்ன்னா ஒரு பவுண்டுல 7,000-ல ஒரு பங்கு. 12 போர்ங்கறது வேற கணக்கு, ஒரு பவுண்டு ஈயத்துல 12 உருண்டை வர்ற சைஸ். யானை வேட்டைக்கு 4 போர் துப்பாக்கியே இருந்துச்சு, கால் பவுண்டு உருண்டை, சுடுறவன் நிலைமையை நீங்களே யோசிச்சுக்குங்க.

எஸ்டேட்ல வேலை பார்த்த தாத்தாவோட டிரங்க் பெட்டியில ஒரு பித்தளை தோட்டா இருக்கு, அடியில கே.எஃப்.னும் ஒரு ரோமன் ஏழும் இருக்கு. நூறு வருஷம் ஆச்சுன்னா செத்துப் போயிருக்கும்ல? (வால்பாறை வாசகர்)

கே.எஃப்.னா புனே பக்கத்துல கிர்க்கி ஃபேக்டரி, ஏழுன்னா மார்க் 7, ஆக உங்க கையில இருக்குறது .303. குண்டு இல்லாம வாய் திறந்து வெறும் உறையா இருந்து, அடியில நடுவுல இருக்குற வட்டமான கேப்ல குழி விழுந்திருந்தா சுட்டு முடிச்சது. குண்டு மேல உட்கார்ந்திருந்தா அது செத்துப் போச்சுன்னு நினைக்கவே நினைக்காதீங்க. ஈரம் படாத கருமருந்து எத்தனை காலம் ஆனாலும் கருமருந்து தான், கார்டைட் பழசாக பழசாக கெட்டுப்போகும், ஆனா கெட்டுப்போறதுன்னா பாதுகாப்பா ஆகுறதுன்னு அர்த்தம் இல்ல. கேப்புக்குள்ள இருக்குற மருந்து தட்டினா இப்பவும் வெடிக்கலாம். குழலுக்கு வெளிய வெடிச்சா குண்டு பறக்கிறதை விட உறை கிழிஞ்சு பித்தளைத் துண்டு கண்ணுல அடிக்கும். பிரிக்கிறது, பாலிஷ் போடுறது, ஓட்டை போட்டு கீ-செயின் பண்றது, எதுவும் வேணாம். லைசென்ஸ் இல்லாம சுடாத தோட்டா வெச்சிருக்கிறது ஆயுதச் சட்டப்படி குற்றமும் கூட, அதனால போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போடுறதுக்கு முன்னாடி போலீஸ் ஸ்டேஷனுக்கு போன் பண்ணி விவரம் சொல்லிடுங்க, எடுத்துக்கிட்டு நடந்து போகாதீங்க.

இதோட சேர்த்து, நாட்டுத் துப்பாக்கியோ பழைய துப்பாக்கியோ வெச்சு "கொஞ்சம் புது மருந்து போட்டா பவர் ஏறும்"னு யாராவது சொன்னா அந்த ஆள் பக்கத்துலயே நிக்காதீங்க. கருமருந்து தோட்டா குழலுக்குள்ள சதுர அங்குலத்துக்கு இருபதாயிரம், இருபத்தஞ்சாயிரம் பவுண்டு அழுத்தம் கொடுக்கும், .303 மாதிரி புகையில்லா மருந்து தோட்டா 45,000-க்கு மேல. பழைய இரும்பு அதைத் தாங்காது.

தம்தம் புல்லட்னா விஷம் தடவினதா? (ஈரோடு வாசகர்)

விஷமும் இல்ல ஒண்ணும் இல்ல. கல்கத்தா ஏர்போர்ட் இருக்கே, தம்தம், அங்க இருந்த ஆயுதச்சாலையில செஞ்சதால அந்தப் பேரு. பழைய 31 கிராம் ஈயக் குண்டு உடம்புல பட்டதும் நசுங்கி விரியும், அதனால வேகம் கம்மின்னாலும் அடிபட்டவன் அங்கயே விழுவான். முதல் .303 குண்டுக்கு உலோகக் கவசம், சன்னமா நேரா துளைச்சுட்டுப் போயிடும், 1895-ல சித்ரால் சண்டையில "சுட்டும் ஆள் ஓடி வந்துக்கிட்டே இருக்கான்"னு பிரிட்டிஷ் சிப்பாய்ங்க புகார் சொன்னாங்க. அதுக்கு கேப்டன் பெர்ட்டி-க்ளே தம்தம்ல கண்டுபிடிச்ச வழி, மூக்குல மட்டும் கவசம் போடாம ஈயம் வெளிய தெரியற மாதிரி செய்றது. பட்டா விரிஞ்சு கொடூரமா கிழிக்கும். 1899 ஹேக் மாநாட்டுல இந்த மாதிரி குண்டைத் தடை பண்ணினாங்க, பிரிட்டன் அதுல சேர 1907 ஆச்சு, அதுவரைக்கும் "ஐரோப்பியனை சுடத்தானே தடை, மத்தவங்களுக்கு என்ன"ங்கற ரேஞ்சுல தான் அவங்க வாதம் ஓடிக்கிட்டு இருந்துச்சு.